ஏணி இருந்ததா என்று கேட்டார்கள்

கட்டட வேலையில் எனக்கு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு பொய்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னால் அது இரண்டாவது பொய்யாகிவிடும். ஒரு வாரத்துக்கான பாதுகாப்புப் படிவங்களைத் திங்கட்கிழமை காலையிலேயே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மொத்தமாக டிக் அடிக்கிற ஆள் நான். பள்ளத்தில் ஏணி இருக்கிறதா, டிக். மண்ணுக்கு முட்டு கொடுத்திருக்கிறதா, டிக். தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து தள்ளிக் கொட்டியிருக்கிறதா, டிக். சனிக்கிழமை சைட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கப்போகிறது என்பது எனக்குத் திங்கட்கிழமையே தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்த இன்ஜினியர்கள் எல்லோருமே இப்படித்தான். சமாதானத்துக்காக இதைச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

இது மயிலாப்பூரில், தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் நடந்த வேலை. எதிரெதிரே இரண்டு ஆட்டோ வந்தால் ஒன்று பின்வாங்கியாக வேண்டும், அவ்வளவு அகலம். அங்கே ஒரு பழைய வீட்டை இடித்துவிட்டு ஆறு ஃப்ளாட் கட்டிக்கொண்டிருந்தோம். கார் நிறுத்துவதற்காகப் பதினோரு அடி ஆழம் தோண்டி, சுற்றிலும் மண்ணைத் தாங்குகிற கான்கிரீட் சுவர் எழுப்பியாகிவிட்டது. சுவருக்கும் தோண்டிய மண்ணுக்கும் நடுவில் மூன்றடி அகலத்துக்கு ஓர் இடுக்கு இருக்கும். சுவரின் வெளிப்பக்க வேலைகளை முடிக்க ஆள் இறங்க வேண்டுமே, அதற்காக விடுவது. வேலை முடிந்ததும் அந்த இடுக்கில் கிராவல் கொட்டி நிரப்ப வேண்டும்.

நிரப்புவது என்றால் லாரியைக் கொண்டுவந்து கவிழ்ப்பது இல்லை. மண் பக்கம் பலகை வைத்து, பலகைக்கும் சுவருக்கும் குறுக்கே சவுக்குக் கட்டைகளை வரிசை வரிசையாக அடித்து வைத்திருப்போம். மண் சரியாமல் பிடித்துக்கொண்டிருப்பது அந்தக் கட்டைகள்தான். அடியில் முக்கால் அடி கிராவல் போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். நிரப்பியது கட்டை வரிசையின் அடிவரைக்கும் வந்த பிறகுதான் அந்த ஒரு வரிசையைக் கழற்றலாம். மறுபடி முக்கால் அடி. மறுபடி இடி. பொறுமை இல்லாதவனுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். எனக்குப் பொறுமை கிடையாது என்று என் வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

உள்ளே இறங்கி இடிக்கிற வேலையைச் செய்தவனுக்கு நாற்பது வயது இருக்கும். அவன் மனைவி மேலே நின்று கிராவலைச் சட்டியில் அள்ளிக் கொட்டுவாள். அடையாற்றங்கரையில் குடிசையில் இருந்தவர்கள்; அங்கிருந்து காலி செய்யவைத்துப் பெரும்பாக்கம் அடுக்குமாடியில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். இரண்டு பஸ் மாறி எட்டு மணிக்கெல்லாம் வந்துவிடுவார்கள். நங்கநல்லூரிலிருந்து பைக்கில் வருகிற நான் அவர்களுக்குப் பிறகுதான் வந்து சேருவேன்.

அவன் வாய் சும்மா இருக்காது. காலையில் இறங்கியதும் பள்ளத்தின் மண் பக்கம் கையை வைத்துப் பார்ப்பான். "இன்னா, இன்னிக்கி கம்முனு கீற?" என்று மண்ணிடம் கேட்பான். ஒருநாள் என்னிடம் சொன்னான்: "பொலபொலன்னு கொட்டிக்கினே இருந்தா பயமில்ல சார். நம்ம வூட்டுக்காரி மாதிரிதான். கம்முனு இருந்தாதான் உஷாரா இருக்கணும்." அடுத்த நொடியே மேலேயிருந்து ஒரு சட்டி கிராவல் அவன் காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. "கை தவறிப் போச்சு," என்றாள் அவள். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவன் விளையாட மாட்டான். சைட்டில் இருந்தது ஒரே ஒரு மூங்கில் ஏணி. இன்னொன்றை தி. நகர் சைட்டுக்குக் கொண்டுபோனவர்கள் திருப்பித் தரவில்லை. அவன் உள்ளே இருக்கும்போது அந்த ஏணியை யாரும் தொடக்கூடாது. ஏணியின் தலையை ஒரு பழைய புடவைக் கிழிசலால் முளையில் கட்டிவிட்டு மனைவியிடம், "எவன் கேட்டாலும் அவுக்காத" என்பான். தினமும் சொல்வான். இவ்வளவு பயந்தவனுக்கு எதற்கு இந்த வேலை என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன்.

ஆனி மாதக் கடைசியில் ஒருநாள். மறுநாள் காலையில் பூஜை வைத்திருந்தார்கள். நிலத்துச் சொந்தக்காரர் ரிட்டயரானவர், அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர். ஆடி பிறப்பதற்குள் நல்ல நேரத்தில் வீட்டுப் பெரியவர்கள் கையால் தளத்துக்கு ஒரு சட்டி கான்கிரீட் போட்டுவிட்டால், ஆனியிலேயே தளம் ஆரம்பித்த மாதிரி ஆகிவிடும். மீதியை ஆடியில் போட்டாலும் தோஷமில்லையாம். அது அவர்கள் வழக்கம், அதில் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் கேட்டிலிருந்து தளத்துக்குப் போகிற வழியில் அந்த இடுக்கு குறுக்கே ஓடியது. அதுவரை மூன்றடிதான் நிரப்பியிருந்தோம். இன்னும் எட்டடி இருந்தது.

அன்று காலையில் பத்து மணிக்கு அவர் போன் செய்தார். "பள்ளத்த மூடியாச்சோன்னோ?"

"இன்னும் நாலு நாள் வேலை இருக்கு சார். நாளைக்குப் பலகை போட்டு வழி பண்ணிடறேன்."

"பலகையா? எங்காத்துப் பெரியவாள்லாம் வரா. எண்பது வயசுக்காரா பலகை மேல நடந்துண்டு வருவாளா? இன்னிக்குள்ள முடிச்சுடுங்கோ. ஆடி பொறந்துட்டா ஒண்ணத்தையும் தொட முடியாது."

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும்? தெரிந்தவன் நான். முடியாது சார், பூஜையை வேறு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால் அவர் முணுமுணுத்துக்கொண்டு ஒத்துக்கொண்டிருப்பார். "பாத்துக்கறேன் சார்," என்றேன்.

மண்ணை அதிரவைத்து இறுக்குகிற மெஷின் ஒன்றுக்கு வாடகை பேசினேன். நாலு மணிக்கு வருவதாகச் சொன்னார்கள். ஆனால் குறுக்கே கட்டைகள் இருந்தால் மெஷினை இறக்கவும் முடியாது, ஓட்டவும் முடியாது. பள்ளத்தின் விளிம்பில் நின்று அவனைக் கூப்பிட்டேன்.

"எல்லாக் கட்டையையும் கழட்டிடு. மெஷின் எறங்கணும்."

"மொத்தமாவா சார்?"

"மொத்தமா."

அவன் அண்ணாந்து பார்த்தான். "கட்டைய எடுத்தா மண்ணு நிக்காது சார். மேல வேற ஓரமாவே கிராவல மல மாதிரி கொட்டி வெச்சிக்கீறாங்க. ஒரு வரிச எடுத்துட்டு, நெரப்பிட்டு, அப்பால அடுத்தத எடுக்கலாம்."

"அப்படிப் போனா பொங்கலுக்குத்தான் முடியும். மூணு வாரமா நின்ன மண்ணு மூணு மணி நேரம் நிக்காதா?"

"கட்ட கீறதாலதான சார் நின்னுக்கினு கீது."

"நீ இன்ஜினியரா, நான் இன்ஜினியரா?"

அவன் கொஞ்சம் சிரித்தான். "நீங்கதான் சார்," என்றான்.

சரியாகச் சொன்னதும் அவன்தான், கீழே நின்றதும் அவன்தான். அது எனக்கு அப்போதே தெரியும். இதைப் பிற்பாடு தோன்றியது மாதிரி எழுதித் தப்பிக்க எனக்கு இஷ்டமில்லை. மேல்பக்கம் முழுக்கப் பழைய வீட்டின் இடிபாடும் மணலும். அப்படிப்பட்ட மண் செங்குத்தாக நிற்காது என்று முதல் வருஷப் படிப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். கிராவலை விளிம்பில் கொட்டியதும் என் ஏற்பாடுதான். சந்தில் வேறு இடம் இல்லை, கார்க்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். எல்லாவற்றையும் தெரிந்துகொண்டுதான் அவனைக் கட்டையைக் கழற்ற வைத்தேன். ஒரு மணி நேரத்தில் கழற்றி முடித்து ஒவ்வொன்றாக மேலே கொடுத்தான். கேட்டுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்தார்கள்.

மூன்று மணிக்கு மேல் இருக்கும். சொந்தக்காரரிடமிருந்து மெசேஜ் வந்தது. கேட்டில் தோரணம் கட்டியாகிவிட்டதா, ஒரு போட்டோ அனுப்புங்கள் என்று. மாட வீதியிலிருந்து மாவிலை வந்து கிடந்தது, கட்டுவதற்குத்தான் ஏணி இல்லை. அவன் பள்ளத்தின் மறுகோடியில் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி மூலையை இடித்துக்கொண்டிருந்தான். மெஷின் வந்தாலும் மூலைக்குள் போகாது, அதைக் கையால்தான் இடிக்க வேண்டும். நான் அவன் மனைவியிடம் போனேன்.

"அந்த ஏணிய எடுத்துக்கிட்டு கேட்டாண்ட வாம்மா."

"அவரு உள்ள கீறாரு சார்."

"அஞ்சு நிமிஷம். தோரணம் கட்டிட்டுத் திருப்பி வெச்சிடலாம்."

அவள் ஒருதரம் பள்ளத்தை எட்டிப் பார்த்தாள். சொல்லிவிட்டு எடுக்கலாம் என்று நினைத்தாளோ என்னவோ. திமிசு இடிக்கிற சத்தத்தில் கூப்பிட்டாலும் கேட்டிருக்காது. குனிந்து முடிச்சை அவிழ்த்து, ஏணியை மேலே இழுத்துத் தோளில் வைத்துக்கொண்டு என் பின்னால் வந்தாள்.

நான் ஏறினேன். அவள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டாள். இடது பக்கம் கட்டி முடித்து வலது பக்கம் ஆணியில் சணலைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் வந்தது. பெரிய சத்தம் இல்லை. யாரோ மேலேயிருந்து ஓர் அரிசி மூட்டையைக் கீழே போட்டது மாதிரி இருந்தது. அதன் பிறகு திமிசுச் சத்தம் கேட்கவில்லை. அவள் ஏணியை விட்டுவிட்டு ஓடினாள். நான் மேலே ஆடிக்கொண்டு நின்றேன்.

பள்ளத்தின் அந்தக் கோடியே இல்லை. கிராவல் குவியலும் அடியில் இருந்த மண்ணுமாகச் சேர்ந்து உள்ளே இறங்கியிருந்தது. சுவர் அப்படியே நின்றது; என் சுவருக்கு ஒரு கீறல் கூட விழவில்லை. அவன் தெரியவில்லை. அவள் குதித்துவிட்டாள். கையால் மண்ணை வாரி வாரிப் பின்னால் போட்டாள். மேலே வேலை செய்துகொண்டிருந்த மூன்று பேரும் இறங்கினார்கள். ஒருவன் மண்வெட்டியைத் தூக்க, வேண்டாம், தலையில் பட்டுவிடும் என்று கத்தினேன். அன்றைக்கு நான் சொன்ன சரியான வார்த்தை அது ஒன்றுதான். தீயணைப்புக்குப் போன் செய்யும்போது தெருப் பெயர் வாயில் வரவில்லை.

தீயணைப்பு வீரர்கள் வந்ததும் முதலில் எல்லோரையும் வெளியே ஏற்றினார்கள். அவளை மட்டும் இரண்டு பேராகத் தூக்க வேண்டியிருந்தது. பிறகு கேட்டுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த சவுக்குக் கட்டைகளைக் கேட்டார்கள். பலகை வைத்து, கட்டைகளைக் குறுக்கே அடித்து, மண்ணுக்கு முட்டு கொடுத்த பிறகுதான் தங்கள் ஆட்களை இறக்கினார்கள். தோரணத்தடியில் கிடந்த ஏணியைத் தூக்கிவந்து பள்ளத்தில் வைத்தார்கள். விளிம்பில் மிச்சம் இருந்த கிராவலை எல்லோருமாகச் சேர்ந்து தள்ளி ஒதுக்கினோம். செய்ய வேண்டியது எல்லாவற்றையும், செய்ய வேண்டிய வரிசையில் செய்தோம். அவனை வெளியே எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. நின்றபடியே இருந்தான். திமிசின் பிடியை விட்டிருக்கவில்லை.

அதற்குப் பிறகு போலீஸ் வந்தது. பள்ளத்தைப் போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோக்களை நான் பிற்பாடு பார்த்தேன். ஏணி இருக்கிறது. கட்டைகள் இருக்கின்றன. விளிம்பு சுத்தமாக இருக்கிறது. மாணவர்களுக்குக் காட்டலாம், அவ்வளவு ஒழுங்கு.

வந்த அதிகாரி பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "ஏணி இருந்துதா?"

அவர் கண் முன்னால் ஏணி இருந்தது. அவள் பத்தடி தள்ளி, மண்ணும் ரத்தமுமான விரல்களோடு தரையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருந்துது சார்," என்றேன்.

"முட்டு?"

"இருந்துது."

எல்லா டிக்கும் அடித்த படிவத்தையும் எடுத்துக் கொடுத்தேன். ஏணி பக்கத்திலேயே இருந்தும் தொழிலாளி உரிய நேரத்தில் வெளியேறவில்லை என்று எழுதி, கையெழுத்துக் கேட்டார்கள். போட்டேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. துக்கத்தில் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பூஜை ஆவணிக்குத் தள்ளிப்போனது. இடுக்கை வேறு ஆட்கள் முக்கால் அடி முக்கால் அடியாக, வரிசை வரிசையாகக் கட்டையைக் கழற்றி நிரப்பினார்கள். ஐந்து நாள் ஆனது. நான் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. சொந்தக்காரர் கூட, "நிதானமா பண்ணுங்கோ" என்றார்.

வேலை போகவில்லை. கேஸ் பெரிதாகவில்லை. தூக்கம்தான் போயிற்று, அதைப் பற்றிப் புலம்ப எனக்கு யோக்கியதை இல்லை. சைட்டில் ஒருவன் சொன்னான், செத்தவன் அன்றைக்குக் குடித்துவிட்டு இறங்கியிருந்தானாம். யார் சொன்னது என்று கேட்டேன். எல்லாரும் சொல்றாங்க சார் என்றான். ஏணி பக்கத்தில் இருந்தும் ஒருவன் ஏறி வரவில்லை என்றால் ஊர் வேறு எப்படிப் பேசும்? அந்தப் பேச்சுக்கு விதை போட்டவன் நான். அவன் டீயைத் தவிர வேறு எதையும் குடித்து நான் பார்த்ததில்லை.

புரட்டாசியில் ஒருநாள் பெரும்பாக்கம் போனேன். நடந்ததைச் சொல்லிவிடுவது, அவள் என்ன செய்யச் சொன்னாலும் செய்வது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். வீடு ஆறாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. அவள் கதவைத் திறந்தாள். உட்காரச் சொல்லி, ஃபேனைப் போட்டு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். விரல்களில் நகம் பாதிதான் வளர்ந்திருந்தது. அவள் மாமியார் ரேஷன் கடைக்குப் போயிருப்பதாகச் சொன்னாள்.

நான் எப்படி ஆரம்பிப்பது என்று தவித்துக்கொண்டிருக்கும்போது அவளே பேசினாள். "அன்னிக்கி ஏணி இருந்துச்சுன்னு போலீஸ்ல சொன்னீங்களே சார். சாவற வரிக்கும் மறக்க மாட்டேன்."

குத்திக் காட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். அப்படி இல்லை.

"நான்தான சார் அவுத்தேன். அவுக்காதன்னு அந்தாளு தெனிக்கும் சொல்லிக்கினு இருந்துச்சு. என் கையாலயே அவுத்துட்டேன். அது தெரிஞ்சா அத்த என்னிய வூட்ல வெச்சிருக்குமா? நீங்க சொல்லாம காப்பாத்துனீங்க."

என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன பொய்யை அவள் தனக்குச் செய்த உபகாரமாக எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாதமாகப் புருஷனைக் கொன்றது தன் கைதான் என்று நம்பிக்கொண்டு, அந்தக் கையால் சமைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஆனா அத்ததான் சார்," என்றாள். "ஏணி கீதாம், ஏறி வர முடிலியாம், அப்ப குடிச்சிட்டுத்தான இருந்திருப்பான்னு தெனமும் அவரத் திட்டிக்கினே அழுவுது. கொள்ளி போட்ட அன்னிக்கிகூடத் திட்டுச்சு. நான் கேட்டுக்கினு கம்முனு கீறேன். வாயத் தொறந்தா ஏணிய யாரு எடுத்தான்னு வரும்."

சொன்னேன். எப்படியோ சொல்லிவிட்டேன். "ஏணியால இல்லம்மா. கட்டைய மொத்தமா கழட்டச் சொன்னது நான். மண்ணு நிக்காதுன்னு அவன் சொன்னான். நான்தான் கேக்கல. ஏணிய எடுக்கச் சொன்னதும் நான்தான், ஆனா அது இருந்திருந்தாலும் வந்திருக்க முடியாது. ஒரு படி ஏறக்கூட நேரம் இல்ல."

"ஏணி இருந்திருந்தாலுமா?"

"இருந்திருந்தாலும்."

என்னை அடிப்பாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் தரையில் உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். வெகுநேரம் அழுதாள்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "இத அத்தகிட்ட சொல்றீங்களா சார்? அந்தாளு குடிக்கல, அவரு மேல தப்பு இல்லன்னு. நான் சொன்னா புருசன வுட்டுக்குடுக்காம பேசறேன்னு சொல்லும். நீங்க சொன்னா நம்பும். இப்ப வந்துரும், குந்துங்க."

சரி என்றுதான் தலையை ஆட்டினேன். ஒரு பத்து நிமிஷம் உட்கார்ந்தும் இருந்தேன். அந்தக் கிழவி ஆஸ்பத்திரி வாசலில் மார்பில் அடித்துக்கொண்டு அழுததைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அதே குரல் இந்த வராந்தாவில் எழும். அக்கம்பக்கம் கூடும். அதில் விவரம் தெரிந்தவன் ஒருவன் இருப்பான், போலீஸில் சொன்னது வேறாச்சே என்பான். என் வேலை, என் பெண்ணின் காலேஜ், எல்லாம் வரிசையாகக் கண்ணில் வந்தது. தரமணியில் ஒரு சைட்டுக்கு அவசரமாகப் போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வருகிறேன் என்று சொல்லி எழுந்தேன். அவள் தடுக்கவில்லை. "மறந்துறாதீங்க சார்," என்றாள்.

மூன்றாவது மாடித் திருப்பத்தில் அந்த அம்மாள் படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அரிசிப் பை. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை. பையைக் கொஞ்சம் நகர்த்தி வழிவிட்டாள்.

"யாரு வூட்டுக்கு வந்தீங்க சார்?" என்று கேட்டாள்.

"ப்ளாக் மாறி வந்துட்டேன்மா," என்றேன்.

அந்தப் பையையாவது ஆறாவது மாடி வரைக்கும் தூக்கிக்கொண்டு போய் வைத்திருக்கலாம். அதையும் செய்யாமல் இறங்கினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போகவில்லை. இதுவரைக்கும் போகவில்லை.